எனக்காகச் சிரித்த சிரிப்பு

ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ சொன்னேன். கடைக்குள் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நாம் வேலை பார்த்த சானலின் புதுக் காமெடி நிகழ்ச்சி. கரண்ட் போனால் பொண்டாட்டியைத் தேட டார்ச் வேண்டும் என்றான் ஒருவன். அவ்வளவு கறுப்பாம் அவள். உடனே டி.வி.யிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, மூச்சு முட்டி, கடைசியில் சின்ன விக்கலோடு நிற்கும் சிரிப்பு. உன்னுடையது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. மறுநாள் உன் நினைவுப் பூசை, அதற்காகத்தான் மலை ஏறி வந்திருந்தேன்.

"ஏனுங்க, டி.வி.ல வர்றவங்கதானுங்களே? இப்பெல்லாம் காணோமுங்களே!" என்றார் டீக்கடைக்காரர். நான் டீயை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அந்தச் சிரிப்பு எப்படிப் பதிவானது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நம் காமெடித் தொடர் ஆரம்பித்த புதிதில் எதிரே உட்கார்ந்து சிரிக்க ஆள் கிடையாது. இயக்குநர் உன்னை மைக் முன்னால் உட்கார வைத்து, சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று, உருண்டு புரண்டு ஒன்று என்று கேட்டார். உனக்குச் சிரிப்பே வரவில்லை. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பேன்ட்டை நெஞ்சுவரை ஏற்றிக்கொண்டு அவர் நடக்கிற நடையை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து காட்டினேன். அப்புறம் உன்னை நிறுத்தத்தான் முடியவில்லை. வெளியே வந்து, "நொம்ப நாளைக்கு அப்பறம் வயிறு வலிக்கச் சிரிச்சேனுங்க அக்கா" என்றாய். அது என்னைப் பார்த்து நீ சிரித்தது. எவனுடைய டார்ச் ஜோக்குக்கும் சிரித்ததல்ல.

அந்தச் சானலில் நீ எத்தனை வருஷம் உழைத்தாய்! ஒரு நாளாவது உன் குரலை விட்டார்களா? உன் பேச்சில் ஏற்காடு அடிக்கிறது என்று சொல்லி, வேறொருத்தியை வைத்துப் பேச வைத்தார்கள். உன்னை அடுப்புக்கரி என்றும் அமாவாசை என்றும் சொல்லித்தான் வசனமே எழுதினார்கள். நான் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். "கோவத்த எறக்கி வெச்சுட்டு டீயக் குடிங்க அக்கா, ஆறிரும்" என்பாய். எனக்கு எதுவும் ஆறவில்லை. உன் வாயிலிருந்து அவர்கள் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான். கறுத்தவளைக் கேலி செய்கிறவனுக்குக் கறுத்த உன்னையே சிரிக்க விட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது வேலை வாங்கியது போதாதாம்.

அங்கேயே நின்று, சானலில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குப் போன் போட்டேன். அடுத்த மாதம் அவர்களுக்கு விழா. மூத்த கலைஞர் என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள். "தம்பி, அந்தச் சிரிப்பை எடுங்க. இல்லேன்னா நான் மேடைக்கு வரமாட்டேன்" என்றேன்.

"அம்மா, அது ஏதோ பழைய சவுண்டும்மா. யாரோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்யா!"

நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எப்படியோ, இனிமேல் போடமாட்டோம் என்று சொல்ல வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக மாமியார், பைத்தியம், பேய் என்று கொடுத்ததையெல்லாம் வாயை மூடிக்கொண்டு நடித்தவள் நான். அவர்களிடம் நான் ஜெயித்த முதல் சண்டை அதுதான். உன் மகள் ஜெசியிடம் சொல்ல வேண்டும் என்று, உன் ஊர் வாழவந்தி போகும் வரை நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

ஜெசி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே, பெரியம்மா."

"என்ன கண்ணு, அந்தக் கேவலத்துக்கா..."

"அம்மா பேசுனது போன்ல இருக்குதுங்க. எல்லாம் நோவுல பேசுனதுங்க. சிரிப்பு இது ஒண்ணுதானுங்க. சாயங்காலம் டி.வி.யப் போட்டா, அம்மா மெட்ராசுக்கு சூட்டிங் போயிருக்கற மாதிரியே இருக்குது. சின்னதுலயும் எங்களுக்கு அம்மா அப்படித்தானுங்களே."

"அந்த ஜோக்கையெல்லாமா உக்காந்து கேக்கறே?"

"அப்பச் சத்தத்தக் கொறச்சுக்குவேனுங்க. அம்மா வர்றப்ப ஏத்துவேன்."

அவளும் உன் நிறம்தான். எனக்குப் பற்றி எரிந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது? அந்தத் தம்பியையா, ஜோக் எழுதினவனையா? பிள்ளையை இங்கே விட்டுவிட்டு அவர்களுக்கு அத்தனை வருஷம் ஓடிய உன்னையா? உன்மேலும் கோபம்தான் எனக்கு. சண்டை போட நீ இல்லை என்பதால் அது இரட்டிப்பாகிறது.

மறுபடியும் போனை எடுத்தேன். என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. "தம்பி, அது இருக்கட்டும். எடுக்க வேண்டாம்."

"பாத்தீங்களாம்மா! அந்தச் சிரிப்புக்கு ஒரு மவுசு இருக்கு. விழாவுக்கு வந்துருவீங்கல்ல?"

"வர்றேன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

சாயங்காலம் நானும் ஜெசியும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். ஒருத்தன் பொண்டாட்டி வேஷம் போட்டு, முகத்தில் மையை அப்பிக்கொண்டு வந்தான். ஜெசி சத்தத்தைக் குறைத்தாள். அவன் வாய் மட்டும் அசைந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் ரிமோட்டை அழுத்தினாள். நீ வந்தாய். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் ஏத்து, சாமி" என்றேன்.