எத்தினி கோலு வாங்கினே?

அக்கா,

இன்று காலை டயாலிசிஸ் அறை வாசலில் எடை மெஷினில் ஏறி நின்றேன். வெறுங்காலுக்குத் தகடு சில்லென்று இருந்தது. சிஸ்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தினி கோலு வாங்கினு வந்தீங்க?" என்றாள். புதிதாக வேலைக்கு வந்த பெண். அந்த வார்த்தை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் சொல்கிறார்கள், அவளும் சொல்கிறாள். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரெண்டு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே பாதியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறது.

அந்த வார்த்தையை நீங்கள்தான் ஆரம்பித்து வைத்தீர்கள். போன தடவைக்கு இந்தத் தடவை உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பழைய சிஸ்டர் கேட்டார். நீங்கள் போனில் ஓடிய கால்பந்து ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "ரெண்டு கோலு" என்றீர்கள். அறையே சிரித்தது. சிரித்தால் ஊசி குத்திய கை வலிக்கும், இருந்தும் சிரித்தோம். அன்றைக்கே கிலோவுக்குக் கோல் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆசைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர் தோற்றவர்.

கள்ளக்குறிச்சியில் வேறு யார் அக்கா அந்தப் பந்தயத்தைப் பார்த்திருப்பார்கள்? பசிபிக் கடலில் மிளகு தூவினாற்போல் தீவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கால்பந்து கிளப். தங்களுக்குள் யார் பெரியவர் என்று பார்க்க, சீசன் முழுக்க ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு விமானம் ஏறிப்போய் ஆடுவார்கள். அதில் ஒரு கிளப்புக்கு உங்கள் மகன் சமையல்காரன். கச்சிராயபாளையத்துப் பிள்ளை அவர்கள் போகும் இடமெல்லாம் கூடவே போய் ஆக்கிப்போட்டான். அங்கே மதியம் ஆடினால் இங்கே காலை. நம் ஷிப்டும் காலைதான். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு, போனை உங்கள் இட்லி டப்பாவில் சாய்த்து வைப்பீர்கள்.

ஆட்டத்துக்கு நடுவில் கடலைக் காட்டுவார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர்களைச் சுற்றி அவ்வளவு தண்ணீர், நமக்கோ ஒரு நாளைக்கு அரை லிட்டர். எனக்கு ஆட்டமே புரியாது. உங்கள் பிள்ளை ஊருக்கு வருவது அதில்தான் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. கிளப் தோற்றால் அந்த வாரமே அவனுக்கு லீவு. ஜெயித்தால் அடுத்த ஆட்டம் வரை தள்ளிப்போகும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் வேலை போய்விடும் என்று உங்கள் உடம்பு மோசமாகிக்கொண்டு வருவதைப் பற்றி நீங்கள் அவனிடம் வாயே திறக்கவில்லை. போனில் கேட்டால் கோல் கணக்கு மட்டும் சொல்வீர்கள், அதிலும் ஒன்றைக் குறைத்துச் சொல்வீர்கள். உங்கள் முகம் வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே வந்தது.

தோற்றுத் தொலையட்டும் அக்கா, பிள்ளை வந்து சேரட்டும் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். நீங்கள் கோபப்படவில்லை.

"புள்ள சோறு ஆக்கிப் போடற டீமும்மா அது. சாப்ட வாயி. அத்தப் போயி தோக்கச் சொல்லி எப்புடி வேண்டிக்கறது?"

அரையிறுதி சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உதடு மட்டும் அசைந்தது. எந்தப் பக்கத்துக்கு ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "ஆண்டவருக்குத் தெரியும், நீ பாத்துச் சொல்லு" என்றீர்கள். ஜெயித்துவிட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். சரி, இன்னும் ரெண்டு வாரம் என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து ஓர் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

அடுத்த முறை வந்தபோது உங்கள் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். இறுதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் மகன் அதற்குக்கூட நிற்காமல் கிளம்பியிருக்கிறான். அப்படியும் மூன்று விமானம் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

டவுன் பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்காமலே எனக்கு அரை டம்ளர் காபி மட்டும் கொடுத்தான். நான் யார், எவ்வளவு குடிக்கலாம் என்பதெல்லாம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் போல. நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுக் கேட்டான்:

"அம்மா கடைசி மேட்ச் பாக்கசொல்ல, நாங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கினாங்களா, தோக்கணும்னா, சித்தி?"

உங்கள் பதிலையே அவனுக்கும் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. ஜெயிக்கணும்னுதான் என்றேன். அது நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் தலையாட்டிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பிறகு வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவன் மறுபடியும் அதே வேலைக்குத்தான் போனான். இந்த சீசனில் ஆட்டத்தின் லிங்கை எனக்கு அனுப்புகிறான். ஸ்டூலை நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். உங்கள் கட்டிலில் இருக்கும் பெரியவர் மெஷினை மாட்டியதுமே தூங்கிவிடுவார். கிளப் ஜெயித்துக்கொண்டே போகிறது. ஜெயித்தால் இப்போது யாருக்கும் எதுவும் தள்ளிப்போகப் போவதில்லை. ஆனாலும் அவர்கள் ஒவ்வொரு கோல் போடும்போதும், ஐயோ, பிள்ளை வர இன்னும் நாளாகுமே என்று உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை அக்கா.

இன்றும் ஜெயித்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து செய்தி வந்தது. "பாத்தீங்களா சித்தி? உங்களுக்கு எத்தினி கோலு?" ரெண்டு என்று அனுப்பினேன். "ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க" என்று உடனே பதில் போட்டான்.

அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை காலையாம். நம் ஷிப்டுதான். பாதியில் இறங்காமல் வந்துவிடுகிறேன் அக்கா.