சிவப்பு மையில் அடித்த பெயர்

செவ்வாய்க்கிழமை

இன்று வகுப்பு முடியும் நேரத்தில் என் மாணவி சுமதியின் அப்பா மத்திய அந்தமானில் உள்ள ரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். அலையாத்திக் காட்டு நண்டுகளைப் பற்றி மகள் ஆங்கிலத்தில் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை அச்சாகியிருக்கிறது. அவள் கொடுத்த தாள்களை அப்படியே என்னிடம் நீட்டினார்.

"மேடம், இதுல என் பேரு எங்க இருக்கு? விரல் வச்சு காட்டுங்க. வீட்ல காட்டணும்."

சேற்றில் இறங்கி ஒவ்வொரு நண்டு வளையையும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். முதல் வரைவில் அவர் பெயரோடு அதை எழுதியிருந்தாள். 'ஆய்வில் குடும்பக் கதை வேண்டாம்' என்று சிவப்பு மையில் அடித்தவள் நான். கடைசியில் ஒரு நன்றியாவது சொல்லச் சொன்னேனா? அதுவும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி முந்திக்கொண்டாள். "நான்தான்ப்பா எழுத மறந்துட்டேன்."

"டீக் ஹை, பரவால்ல" என்று தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'நான்தான் அடித்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

அவர் பஸ் ஏறியதும் சுமதி அடுத்த கட்டுரையைக் கொடுத்தாள். இப்போதுதான் படித்து முடித்தேன். அப்பா எங்குமே இல்லை. நான் திருத்துவதற்கு ஒரு வரிகூட இல்லை.