சுள்ளி போட்ட பதினான்கு குட்டிகள்

மாதனூர்
பிரஜோற்பத்தி வருஷம், ஐப்பசி 12

ரங்கூனில் இருக்கும் என் மகள் சௌபாக்கியவதி சௌந்தரத்துக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்லபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஏரி பாதி நிரம்பிவிட்டது, உன் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கம்மியாகவில்லை.

உன்னிடம் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஆடி மாசம் நம் சுள்ளி ஆட்டை ஆம்பூர் கறி வியாபாரி மக்பூல் அகமது சாயபுவிடம் கொடுத்துவிட்டேன். பதினொரு வயசு, பல்லெல்லாம் கொட்டிவிட்டது, எலும்பும் தோலுமாக இருந்தது, இனிமேல் சினை பிடிக்காது என்று நானே முடிவு கட்டினேன். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போன திங்கட்கிழமை சாயபுவே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார், வைக்கோல்மேல் சுள்ளி, பக்கத்தில் இரண்டு சிவப்புக் குட்டிகள். "இன்னாய்யா தனகோடி, இத்தினி வருசமா ஆடு மேய்க்கிற, வயித்தைத் தொட்டுப் பாக்கத் தெரியல? எங்க வீட்டு ஹலீமா பீ கை வச்சதும் குட்டி அசைஞ்சுதாம். கத்தி வைக்கவே விடல. புண்ணாக்கு போட்டு அவங்களேதான் பாத்துக்கினாங்க" என்றார். மாற்றாக ஒரு கிடாவைப் பிடித்துக் கொடுத்தேன்.

இரட்டையில் பிறந்த இந்த நோஞ்சான் சுள்ளியைக் குட்டியிலேயே விற்கப் போனபோது நீ கட்டிக்கொண்டு அழுதாயே, நானோ ஒற்றையாய்ப் பிறந்து கொழுகொழுவென்று இருந்த ராணியைத்தான் மெச்சினேன். நேற்று நானும் அம்மாவும் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தோம். ராணி ஐந்து குட்டியோடு நின்றுவிட்டது. சுள்ளி பத்து ஈத்தில் பதினான்கு! அதன் பெண்குட்டிகளும் அப்படியே, ஒன்றைத் தவிர. வறட்சி வருஷத்தில் பால் காணாமல் வளர்ந்த குட்டி அது, மூன்று வயசுவரை சினையே ஆகவில்லை. கலவை ஊரில் இருக்கும் உன் அத்தை முனியம்மாவிடம் கொடுத்தோம், அங்கே ஏரிப் புல்லும் கடலைக்கொடியும் தின்று இந்த வருஷம் அதுவும் இரட்டை போட்டிருக்கிறது. தாய் கொடுத்தது உள்ளேயே கிடந்து, வயிறு நிறைந்த பிறகு வெளியே வந்ததோ என்னவோ கண்ணு. இத்தனை காலமும் நான் ஆட்டின் முதுகுச் சதையைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை அம்மா சுள்ளிக்குக் கம்பங்கூழ் கரைத்து வைத்தாள். அதற்கு நல்ல பசி, ஆனாலும் குட்டிகள் இரண்டும் மடியை விடும்வரை சுள்ளி கூழில் வாய் வைக்கவில்லை. நான் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

குளிர்காலத்தில் வெந்நீரே குடி. கப்பல் தபாலுக்கு இரண்டு வரியாவது எழுதிப் போடு, அம்மா தினமும் கேட்கிறாள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோடி