ஒரிஜினலா, சர்டிபிகேட்டா

அக். 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை வேலை பார்க்கும் கிளினிக்கிலேயே விட்டுவிட்டேன். வக்கீல் மேடத்துக்கு எடுத்துப்போனவை: ஆதார் நகல், எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு, போட்டோ 2, கவுன்சலர் கடிதம்.

ஒக்கலிபுரத்தில் மாடி அறைதான் அவர் ஆபீஸ். மேடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: "சின்ன வயசுல நடந்தது. பதினெட்டு முடிஞ்ச நாள்லருந்து மூணு வருஷம். அதுக்குள்ள நஷ்டஈட்டு வழக்கு போட்டாகணும். போலீஸ் கம்ப்ளெயின்ட்டுக்கு இந்தக் கெடு இல்ல. அது வேற."

போலீஸ் கேஸில் நான் சாட்சி. நஷ்டஈட்டு வழக்கில் வாதி. எனக்கு இது வேண்டும்.

நவ. 7-ல் எனக்கு 21, பதினொரு நாள் இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மேடம் மார்க்ஸ் கார்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இதுல மே பதினஞ்சுன்னு இருக்கேம்மா. அப்படின்னா அஞ்சு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சே."

பஸ்ஸில் ஸ்டாப் தாண்டி இறங்கினேன்.

அக். 28, செவ்வாய்

கிளினிக் ரிசப்ஷனில் பிறந்த தேதி கேட்டால் பாதிப் பேர், "ஒரிஜினலா, சர்டிபிகேட்டா?" என்பார்கள். சிரிப்பேன். இன்று ஒருவர் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

அந்த மே 15, மா. கொடுத்த தேதி. அம்மாவின் தம்பி. முழுச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு அப்போது ஹூப்ளியில் போஸ்டிங். ஸ்கூட்டரில் கூட்டிப்போய் ஸ்கூலில் சேர்த்தது மா.தான். வயது சில மாதம் குறைகிறது என்றார்களாம். தேதியை மாற்றிச் சொல்லி சீட் வாங்கியாகிவிட்டது.

"அவன் இல்லன்னா உனக்கு ஒரு வருஷம் வேஸ்ட் ஆயிருக்கும்." அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

ஒன்பது வயதிலிருந்து பதினொன்று வரை. அதற்கு மேல் இங்கேயும் எழுத மாட்டேன்.

அக். 30, வியாழன்

மேடம் போன். கார்ப்பரேஷன் பர்த் சர்டிபிகேட் இருந்தால் வாதாடலாம். பீரோவில் இருக்கிறது. சாவி அம்மாவிடம். காபி போடும்போது கேட்டேன்.

"எதுக்கு இப்ப?"

"கேஸுக்கு."

"நான்தான் அவன வீட்டுக்கு வராதன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"அவரு பதில் சொல்லணும்மா. எனக்கு."

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நான் சொன்னதை அவள் நம்புகிறாள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

நவ. 1, சனி

கன்னட ராஜ்யோத்சவம், மாநிலம் உருவான நாள். ஜோகுபாளையம் முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி. மைக்கில் பாட்டு. கோர்ட் லீவு. ஒரு நாள் போயிற்று.

குளித்துவிட்டு வந்தால் மேஜையில் லேமினேட் செய்த காகிதம். அம்மா மார்க்கெட் போய்விட்டாள். 7-11-2004. பெண். தாய் பெயர் சரி. குழந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் கோடு. பெயர் வைக்கும் முன்பே பதிந்திருக்கிறார்கள்.

மேடத்துக்கு போட்டோ அனுப்பினேன். "நல்லது. ஆனா இந்தக் குழந்தை நீதான்னு உங்க அம்மா அஃபிடவிட் குடுக்கணும். ஸ்கூல்ல தப்புத் தேதி எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும்."

சாவி கேட்டதற்கே அந்த முகம்.

நவ. 3, திங்கள்

அஃபிடவிட் வரைவு வந்தது, கன்னடத்தில். பள்ளியில் தேதி கொடுத்தவர் "உறவினர் ஒருவர்" என்று போட்டிருக்கிறார் மேடம். அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாமாம்.

அம்மாவிடம் சொன்னேன், ஒரே மூச்சில். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை லீவு கிடைக்குதா பாக்கறேன்."

அவ்வளவுதான். வருவாளா?

நவ. 5, புதன்

இன்னும் இரண்டு நாள். செய்ய வேண்டியவை: ஜெராக்ஸ் 3 செட். கிளினிக்கில் லீவு சொல்ல. குடை!

சாயங்காலம் மா.விடமிருந்து போன். அம்மா பால்கனிக்கு எடுத்துப்போனாள். காதில் விழுந்தது:

"ம்... சாப்ட்டேன்... நாளைக்கா? நாளைக்கு ஆபீஸ்ல வேலை நெறய."

மா.விடம் சொன்னது பொய்யா, என்னிடம் சொன்னதா? கேட்கவில்லை. பயம்.

நவ. 6, வியாழன்

வழக்கு தாக்கல் ஆகிவிட்டது. 3.40. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அம்மா காலையில் ஆபீஸ் புடவை கட்டினாள். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். "ஆட்டோ புக் பண்ணு" என்றாள்.

நோட்டரி மேஜையில் வரைவைப் படித்தாள், வரிவரியாக. இருபது வருஷமாக கவர்ன்மென்ட் ஆபீஸில் ஃபைல்களில் கன்னடத்தில் நோட் எழுதுகிறவள். என்னிடம் பேனா கேட்டாள். "உறவினர் ஒருவர்" என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே எழுதினாள்: என் தம்பி. பிறகு அவருடைய முழுப் பெயர், தகப்பனார் பெயர், விலாசம். ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி.

"இது அவசியமில்லம்மா" என்றார் மேடம் மெதுவாக.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரோ ஒருத்தர்னு போட்டா ஃபைல் திரும்பி வரும் மேடம். யாருன்னு கேப்பாங்க."