அம்சம் டீச்சரின் நிறம்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் புது கேன்வாஸை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். குடவாசல் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை அம்சம் டீச்சர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பள்ளிக்கூட ஹாலில் மாட்ட அவருடைய படம் வேண்டுமாம். பழைய மாணவிகள் சார்பில் கயல்விழி கேட்டிருக்கிறாள். அக்ரிலிக்கில் இவ்வளவு பெரிய முகம் நான் வரைந்ததில்லை. பயமில்லை. முகம் எனக்குப் பிடிபட்டுவிடும்.

அவள் அனுப்பிய போட்டோவில் டீச்சர் ரோஜாப்பூ நிறத்தில் இருக்கிறார். ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம். நேரில் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 1, சனி

டீச்சர் தனியாகத்தான் பஸ் ஏறி தஞ்சாவூர் வந்திருந்தார். உளுந்து அறுவடை நேரம், வீட்டுக்காரர் வயலை விட்டு நகர முடியாதாம். மாடியில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நல்ல கருப்பு. நெற்றியில் வெயில் பட்ட இடம் செம்பு போல மின்னியது. தாடைக்குக் கீழே நீலம். என்ன முகம்!

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் கலரா போட்டுடுங்கம்மா."

சிரித்து மழுப்பிவிட்டேன்.

மார்ச் 2

பழுப்பில் கருப்பைக் கலந்தேன். கலந்தவுடன் அந்த நிறம் செத்துவிட்டது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நேற்று பூராவும் அந்தப் பள்ளத்தை வெள்ளை சேர்த்துத் தூக்கப் பார்த்தேன். இன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் – படத்திலும் அதே சாம்பல், முகம் முழுக்க. வெள்ளை, முகத்தின் நிறத்தைக் கூட்டவில்லை; வெளிற வைத்துவிட்டது. காய்ந்ததும் பிளாஸ்டர் பொம்மை.

வண்ணத்தின் குற்றமில்லை. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை. புரிந்துவிடும்.

மார்ச் 8, சனி

இரண்டாவது முறை வந்தார். கலராகப் போடச் சொன்னீர்களே, ஏன் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தெருவிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவர் அவர்தான். பி.எட். முடித்தபோது குரூப் போட்டோ எடுத்தார்களாம். அவருடைய அம்மா ஊரெல்லாம் அதைக் காட்டப் போக, எல்லோரும் கேட்டது ஒன்றே: இதில் உன் மகள் எங்கே? அப்புறம் பள்ளியில் வருஷா வருஷம் எடுத்த போட்டோக்களிலும் அதே கதை.

"ரெண்டு கண்ணு, கொஞ்சம் பல்லு, அவ்வளவுதான் நான். வெள்ளையா ஆகணும்னு ஆசையில்லம்மா. அங்க நின்னேன்னு தெரிஞ்சா போதும்."



மார்ச் 9

கருப்பு ட்யூபை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். வெள்ளையையும் – சேலைக்கு மட்டும்தான் இனி அது.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது!

செம்மண் போன்ற பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலம். ட்யூப் கருப்பைவிட ஆழமான இருட்டு, ஆனால் உயிருள்ள இருட்டு. நீலம் ஒரு பொட்டு கூடினால் நிழல் குளிர்கிறது; சிவப்பு கூடினால் ரத்தம் ஓடுகிறது. வெளிச்சத்துக்கு மஞ்சள் ஓக்கரும் ஆரஞ்சும், தண்ணீர் மாதிரி மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்றாக. இந்த வெயிலில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது, அடியில் ஈரத்துணி போட்டுக்கொண்டேன். காய்ந்தால் அக்ரிலிக் ஒரு படி இருண்டுவிடும். அதனால் வேண்டியதைவிட ஒரு படி வெளிச்சமாகவே கலக்கிறேன்.

கன்ன எலும்பு எழுந்து வந்தது. சாப்பிட மறந்துபோனேன்.

மார்ச் 22

கயல்விழி வந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. "அவங்க எங்களுக்குச் சாமி மாதிரி. இருக்கறதவிடக் கருப்பா போட்டிருக்கீங்களேக்கா" என்றாள். ஒரு கோட்டிங் வெள்ளை அடித்தால் போதும் என்றாள்.

கோட்டிங்கா! இது என்ன செவுரா? சாமின்னா வெள்ளையாத்தான் இருக்கணுமா? – இதெல்லாம் மனசுக்குள்தான். வெளியே ஒன்றுதான் சொன்னேன்: டீச்சர் பார்க்கட்டும். அவர் வேண்டாமென்றால் இந்தப் படம் என்னிடமே இருக்கும், வேறு ஆளை வைத்து வரைந்துகொள்ளுங்கள்.

சொன்னது சரிதான்.

மார்ச் 29, சனி

டீச்சரும் கயல்விழியும் வந்தார்கள். துணியை விலக்கினேன்.

டீச்சர் முதலில் கிட்டே போனார். அப்புறம் கதவு வரைக்கும் பின்னால் நகர்ந்தார். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கயல்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா சாயல் எனக்கு உண்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் நம்புனதில்ல" என்றார். "இப்பத்தான் தெரியுது."

வெள்ளை அடிக்கணுமா டீச்சர் என்று கேட்டேன்.

"கலரெல்லாம் தொடாதீங்க. மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு."

பெரிசாகத்தான் போட்டிருந்தேன். திருத்திக்கொடுத்தேன். கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரியில் ஏற்றும்போது வண்ணம் உதிருமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 27

பள்ளியில் விழா முடிந்தது. ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். முகம் தெரிகிறது.

ஜூன் 14, சனி

விழாவுக்கு வந்திருந்த சைத்தூன் பீவி அம்மா இன்று மகளோடு மாடியேறி வந்தார். தன்னையும் வரையவேண்டுமாம். உட்காருவதற்கு முன்பே, "அந்த டீச்சருக்குப் போட்டீங்களே, அதே கலரப் போட்டுடுங்க" என்றார்.

அது அவங்களோட கலரும்மா, உங்களுக்கு வேற கலக்கணும் என்றேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.