வழுவழுப்பான விதையைப் பருகிய மன்னருக்கு

மங்கலம் பெருகுக. கரிசல் ஏழூருக்கும் உரியவளும், பருத்திக் கொடி உயர்த்தியவளுமாகிய செங்கோதைப் பெருந்தேவி, முகில்வரை நாட்டை ஆள்பவரும், மேகமும் கேட்டு வழிவிடும் இருமலை உடையவருமான இளவெற்பர் திருமுன் அனுப்பும் ஓலை. தங்கள் குன்றுகள் பசுமையாக நிற்க. தங்கள் மாடுகள் நீடு வாழ்க. மாடுகளைத் தனியே வாழ்த்துவதன் காரணம் கீழே விளங்கும்.

மூன்று திங்களாக நெஞ்சில் சளி கட்டித் தவிப்பதாகத் தாங்கள் தூது விடுத்தீர்கள். மனம் பொறாமல் யாம், பருத்தி விளைப்பதிலும் அதைக்கொண்டு மருந்து ஆக்குவதிலும் எம் நாட்டில் முதல்வியான கொற்றி என்னும் உழத்தியை இரண்டு மூட்டை விதையுடன் அனுப்பினோம். ஒன்று குடிப்பதற்கு, பஞ்சு எடுத்த பின்னும் மயிர் ஒட்டியிருக்கும் விதை. அதை ஊறவைத்து ஆட்டி, மும்முறை பால் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் சளி இளகும். மற்றொன்று விதைப்பதற்கு, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சாணிப்பாலில் புரட்டி, மயிர் படிந்து வழுவழுப்பாகும்படி உலர்த்தியது. தங்கள் அடிவாரத்துக் கருமண்ணில் ஊன்றினால் அடுத்த ஆண்டு எம்மிடம் கையேந்த வேண்டியிராது. இவ்வளவையும் கொற்றி தங்கள் அவையிலேயே இருமுறை சொன்னாள். தங்கள் முதலமைச்சர் நெடுவிழியார், எல்லாம் தமக்குத் தெரியும் என்று கூறி அவளை உட்காரச் செய்தார்.

அந்தப் பேரறிவாளருக்குத் தெரிந்தது இதுதான்: மயிர் அடர்ந்த விதை மன்னர் வாய்க்கு ஆகாது, வழுவழுப்பானதே அரண்மனைக்குத் தகும். ஆகவே குடிக்க வேண்டியது மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. விதைக்க வேண்டியது ஏலக்காய் மணக்கப் பொற்கிண்ணத்தில் தங்கள் திருவாய்க்குப் போயிற்று. இரண்டாம் கிண்ணமும் தாங்களே கேட்டு வாங்கிப் பருகியதாக அறிந்தோம். மறுநாள் எவரோ உண்மையைச் சொன்னதும், மன்னருக்குச் சாணம் புகட்டினாள் என்று கொற்றியைச் சிறையிலிட்டு, வரும் அமாவாசையன்று அவள் வலக்கையை வெட்ட ஆணையிட்டீர்களாம். தேர்ந்தெடுத்தவர் அமைச்சர், குடித்தவர் தாங்கள், போவது மட்டும் அவள் கையா? நன்றாயிருக்கிறது முகில்வரை நீதி!

மேலும் கேட்பீராக. சிறையிலும் அவள் சும்மா இருக்கவில்லை. இருமிக்கொண்டே காவல் நின்றவர்களைக் கண்டு, மாட்டுத் தொட்டியில் மிஞ்சிய விதையைக் கேட்டு வாங்கிப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். இன்று தங்கள் கோட்டையில் காவலர் நலம், மாடுகள் மிக நலம்; இருமுபவர் தாங்கள் ஒருவரே.

நான்கு நாள் முன்பு அவள் சிறைக்கதவு திறந்து கிடந்தது. திறந்தவர் யார் என்று தேடவேண்டாம். தாழ்ப்பாள் துருவேறியிருந்தது என்று கொள்வீராக. வெளியே எம் தூதன் குதிரையுடன் நின்றான். கொற்றியோ வர மறுத்தாள். மன்னருக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை என்றும், நோயாளியைப் பாதியில் விட்டு வரத் தனக்கு மனமில்லை என்றும் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டு எமக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுதோம். வெட்ட நாள் குறித்தவருக்காக அவள் இன்னும் விதை ஊறவைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆதலால் எம் கட்டளை இது. தண்டனையை இன்றே நீக்கி, நெடுவிழியாரை அடுக்களைப் பக்கம் அண்டவிடாமல், அவள் கையால் பிழிந்த பாலை வேளை தவறாமல் பருகுவீராக. எம் படை எல்லைக்கு வந்தாயிற்று. அவள் வேலை முடியட்டும் என்றே அங்கு நிற்கிறது.

காய் வெடித்த பருத்தி முத்திரை இட்டோம். எம் சொற்படி எழுதினவன் ஓலைநாயகம் தாழையன். இதைக் கொணர்ந்தவன் மறுமொழி கேளான். தங்கள் சாளரத்தின் கீழே காத்திருந்து, இருமல் நின்றதும் கொற்றியை அழைத்துக்கொண்டு திரும்புவான். அவளுடைய இரண்டு கைகளையும் கண்ட பின்பே எம் படை கலையும்.