மூன்றாம் மாடிக் குழாயின் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆறே முக்காலுக்கே தண்ணீர் நின்றுவிட்டது. தலையில் நுரையோடு நின்றேன். துண்டால் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?

மாலை விடுதிக்குத் திரும்பினால் பலகையில் புதுத் தாள். "மூன்றாம் மாடியில் தண்ணீர் விரயம். நடவடிக்கை எடுக்கப்படும்." ஒட்டியவள் விடுதி மேடம். இடுப்பில் இருபது சாவி தொங்குவதால் எங்களுக்கு அவள் சாவிக்கொத்து.

யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நாலாம் கட்டில் அக்காவை. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் வார்டு கழுவிவிட்டுக் காலை ஆறு மணிக்கு வந்து குளிக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் அரை மணி நேரம் குளித்தால் அது சுத்தம். அடுத்தவர் மூத்திரத்தைத் துடைத்துவிட்டு வருகிறவள் குளித்தால் விரயம்.

அக்காவிடம் போய்ப் பொங்கினேன். அவள் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "ஒரு பக்கெட்தான்டி புடிக்கிறேன். பாதி நேரம் புஸ்ஸுபுஸ்ஸுன்னு காத்துதான் வருது. போ, போய்த் தலையைத் துவட்டு" என்றாள்.

மார்ச் 5, புதன்

வாய் சும்மா இருக்குமா? விடுதி ஆபீஸுக்குப் போனேன்.

"எந்தக் கணக்குல விரயம்னு சொல்றீங்க மேடம்?"

"கீழ ரெண்டு மாடிக்கும் சொட்டு சொட்டாத்தான் வருது. மேல திறந்து விட்டுட்டுக் குளிக்கிறா. எனக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு அளவு காட்டாது. நான் அளந்து காட்டுறேன்."

"காட்டேன். மாட்டுனதுலேர்ந்து ஒரு வாரம் தர்றேன். அளவுல அவதான்னு வந்துச்சுன்னா பெட்டியக் கட்டிடணும். அப்பறம் நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி" என்றேன். அக்காவைக் கேட்காமலே அவள் கட்டிலை வைத்து நான் பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். பரவாயில்லை. எண் பொய் சொல்லாது.

மார்ச் 8, சனி

போர்டு ஒன்று போச்சு.

தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் சென்சார் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் உருளை. உள்ளே சின்னச் சக்கரம். தண்ணீர் ஓடினால் சக்கரம் சுற்றும், சுற்றுக்குச் சுற்று மஞ்சள் ஒயரில் ஒரு துடிப்பு வரும். சீட்டாட்டச் சீட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு அதை எண்ணிக்கொள்ளும். நான் அவசரத்தில் மஞ்சளை நேராகப் போர்டில் செருகினேன். அவ்வளவுதான். துடிப்பை வாங்கி எண்ணுகிற கால், அந்தப் பின், செத்துவிட்டது.

கடையில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் "ரெண்டு நிமிஷம்" என்பார். அதுவே அவருக்குப் பெயர்.

"அஞ்சு வோல்ட்ட அப்படியே குடுத்தியா? அந்தக் காலு மூணு புள்ளி மூணுக்கு மேல தாங்காதும்மா. தாகம்னு கேட்டவன் வாயில தீயணைப்புக் குழாய வெச்ச மாதிரி."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

மார்ச் 9, ஞாயிறு

இன்று நிதானம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் எந்த ஒயரையும் தொட்டேன். சென்சாருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மஞ்சளில் மீட்டர் வைத்தேன். சக்கரத்தை விரலால் தள்ளத் தள்ள சுழியம், ஐந்து, சுழியம், ஐந்து. அந்த ஐந்து வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தேன். வழியில் பத்து கிலோ ஓம், தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு, இருபது. நடுவில் எடுத்தால் மூன்று புள்ளி மூன்று. சென்சாரின் கறுப்பு ஒயரையும் போர்டின் தரையையும் ஒன்றாகச் சேர்த்தேன். குளியலறை ஈரம் என்பதால் சுவர் பிளக் வேண்டாம், பவர் பேங்க் போதும். எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள், குழாய்க்கு மேலே. சொட்டு விழுந்தால் உள்ளே ஓடாதபடி ஒயரைக் கீழே வளைத்து மேலே ஏற்றினேன்.

பத்து லிட்டர் பக்கெட்டை நிரப்பிப் பார்த்தேன். டப்பா 9.9 காட்டியது.

மார்ச் 10, திங்கள்

மாட்டியாகிவிட்டது. நாலு குழாய்க்கும் போகிற பைப்பில். அக்கா டப்பாவைப் பார்த்து, "எனக்கு ஜாதகம் எழுதுதா?" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

பவர் பேங்க் மாற்றினேன். எண்ணைப் பார்க்கவில்லை. வாரம் முடியட்டும், நியாயமாக இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

தினமும் ஆறு மணியிலிருந்து ஆறு பத்து வரை எண்பது, தொண்ணூறு லிட்டர். அந்த நேரத்தில் விழித்திருப்பவள் ஒருத்திதான். நாங்களெல்லாம் இரவே குழாயைத் திறந்து, அடியில் பக்கெட் வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள். தண்ணீர் விழும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். அது அடிக்கவே ஆறேகால் ஆகும்.

தொண்ணூறு லிட்டர். ஒரு பக்கெட் என்றாளே. ஏன் என்னிடம் பொய் சொன்னாள்?

சாப்பிடவில்லை.

மார்ச் 17, திங்கள்

தாளை நானே கொடுத்தேன். மறைத்திருக்கலாம். மறைத்தால் நானும் சாவிக்கொத்தும் ஒன்று என்று தோன்றியது. என்ன ஒரு நேர்மை!

மேடம் படிக்கக்கூட இல்லை. ஆறு பத்து என்ற வரியை மட்டும் விரலால் தட்டினாள். "உன் மெஷினே சொல்லுது பாரு."

அக்காவை வரவழைத்தார்கள். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"நீங்க அளந்தீங்க. சரியாத்தான் இருக்கும்."

நீங்க. இரண்டு வருடமாக என்னை டி போட்டவள்.

மாலைக்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள். நீல பக்கெட்டையும் பாத்திர மூட்டையையும் அப்புறம் எடுத்துக்கொள்வதாகக் காவலாளியிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாலாம் கட்டில் காலி.

மார்ச் 19, புதன்

சும்மாதான் எண்ணைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

நேற்று ஆறிலிருந்து ஆறு பத்து: 88 லிட்டர். இன்று: 91.

அக்கா இல்லை. எவளும் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் குளித்தது யார்? சுவரா?

மார்ச் 20, வியாழன்

ஆறு மணிக்குக் குழாய் முன்னால் நின்றேன். பைப்புக்குள் கிர்ரென்று சத்தம். சக்கரம் வெறி பிடித்த மாதிரி சுற்றுகிறது. எண் 14, 15, 16 என்று ஏறுகிறது. நாலு குழாயும் சீறுகின்றன. நாலு பக்கெட்டும் காய்ந்து கிடக்கின்றன.

காற்று. தெருக் குழாயில் ஆறு மணிக்குத்தான் தண்ணீர் விடுகிறார்கள். அதுவரை தெரு முழுக்கக் காலிக் குழாய். தண்ணீர் வரும்போது அந்தக் காற்றையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியேற வழி? உச்சி மாடியில் நாங்கள் வாய் திறந்து வைத்திருக்கும் நாலு குழாய். சக்கரத்துக்குத் தண்ணீரும் காற்றும் ஒன்றுதான். பக்கெட்டில் சோதித்தேனே! தண்ணீரை வைத்துத்தானே சோதித்தேன்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். மார்ச் 4. புஸ்ஸுபுஸ்ஸுன்னு காத்துதான் வருது. என் கையெழுத்து. எழுதிவிட்டுத் தலையைத் துவட்டப் போயிருக்கிறேன்.

ஒரு போர்டு கருகியதும் அடுத்த போர்டுக்கு இரண்டு ரெசிஸ்டர், டப்பா, மூடி, வளைத்த ஒயர். அக்காவுக்கு என்ன வைத்தேன்? ஒன்றும் இல்லை. எண்ணை நேராக அவள் மேல் செருகினேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் குழாய் வாயில் பாலித்தீன் பையைக் கட்டினேன். நிமிடத்தில் தலையணை மாதிரி உப்பிவிட்டது. முடிச்சுப் போட்டேன். சத்தத்தில் எழுந்த பெண்கள் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் கட்டில்காரி, அக்காவிடம் பினாயில் வாடை அடிக்கிறது என்று முகம் சுளித்தவள், போய் இன்னொரு பை எடுத்து வந்தாள். மொத்தம் ஒன்பது பை.

எல்லாவற்றையும் ஆபீஸ் மேசை மேல் வைத்தோம்.

"என்னடி இது?"

"விரயமான தண்ணி மேடம். பையைப் பிரிச்சுக் குளிச்சுப் பாருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

"கண்ணு அளவு காட்டாது, மெஷின்தான் காட்டும்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னது தப்பு. எழுதித் தர்றேன், பலகைல ஒட்டுங்க. அக்காவத் திரும்பக் கூப்பிடுங்க."

"கட்டில வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

நாலு நாளில். ஒருத்தி இருந்த இடத்தைத் துடைக்க நாலு நாள் போதும் இவர்களுக்கு. எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது? ஒரு தாள்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் அக்காவைப் பார்த்தேன். தரை துடைக்கும் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். காற்று, சக்கரம், பை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"அதத்தானே அன்னிக்கே சொன்னேன்."

"தப்பு என்மேலதான் அக்கா."

"டப்பா சொன்னா நம்பிட்டீங்க. நான் சொன்னா டப்பா வைக்கிறீங்க." குரலை உயர்த்தவில்லை. "கூட வேல செய்றவ வீட்டுல தங்கியிருக்கேன். ஆறு பேரு, ஒரு ரூம். வேற பாத்துட்டு இருக்கேன். வழிய விடுங்க, ஈரமா இருக்கு, வழுக்கும்."

அழவில்லை நான். அழுதால் அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

டப்பாவைக் கழற்றினேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று செய்து தரச் சொன்னாள் சாவிக்கொத்து. முடியாது என்றேன். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பலகையில் ஒட்டவில்லை. நானே ஒட்டினேன். கிழித்தாள். மறுபடி ஒட்டினேன்.

மார்ச் 27, வியாழன்

நாலாவது தாள்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா வந்தாள், பக்கெட்டையும் மூட்டையையும் எடுக்க. தனியாக ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். மாடியில்லாத வீடு.

பலகை முன்னால் நின்றாள். அவளுக்குப் படிக்க நேரம் பிடிக்கும். முழுவதும் படித்தாள். என் பெயரையும் தப்பு என்ற வார்த்தையையும் விரலால் தொட்டாள்.

மேலே வந்து குழாயைப் பார்த்தாள். டப்பா இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை.

"எங்க அது?"

"கழட்டிட்டேன்."

"ஏன்? காத்த நல்லாத்தானே அளந்துச்சு."

சிரித்தாளா, தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கெட்டுக்குள் மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கம்பி உள்ளங்கையில் பதிந்தது. கீழே வைத்தாள்.

"பாத்துட்டு நிக்கிறியே, ஒரு பக்கம் புடிடி. பஸ் ஸ்டாப் வரைக்கும் வா."

பிடித்தேன். மூன்று மாடி இறங்கினோம், படிக்குப் படி பார்த்து.